பஸ்ஸுக்குள்ள சிக்கின பாட்டு

எங்க வீட்டுக்காரரு மாயாண்டி ஓட்டுற பஸ்ல, வாசப்படி பக்கத்துல ஒரு ஒத்த சீட்டு இருக்கு. அது என்னோட சீட்டு. டிரைவர் பொண்டாட்டியாச்சே, அதான் முன்னுக்கு உக்காந்து சொகுசா வருதுன்னு புதுசா வேலைக்குச் சேர்ற பொண்ணுங்க பேசிக்கும். சொகுசாம். அந்த சீட்டுல உக்காந்து நான் பாக்குற வேலைய ஒரே ஒரு நாள் அதுங்க பாக்கட்டும், கையுறைக் கம்பெனி வேலையே தேவலைன்னு ஓடிப்போயிடும்.

என் வேலை பேசுறது. இங்க பேராக் மாநிலத்துல, தாப்பாவுக்கு உள்ளார பழைய ரப்பர் தோட்டம் ஒண்ணு இருந்துச்சு, இப்ப அங்க செம்பனையும் நாலு வரிசை மலிவு வீடும்தான். முன்ன பெரட்டுக்கு, காலையில பேரு குடுக்க, தோட்டத்து ஆளுங்க வந்து நின்ன அதே எடத்துலதான் இப்ப நாங்க விடியறதுக்கு முந்தி பஸ்ஸுக்கு நிக்கிறோம். அங்க ஏத்தி, தாப்பா டவுனு, கம்பார், கோப்பெங்னு வழியெல்லாம் பொம்பளைங்கள அள்ளிப் போட்டுக்கிட்டு, ஈப்போ ஓரத்துல சிம்பாங் பூலாய்ல இருக்குற கம்பெனிக்குக் கொண்டு போய் விடணும். நானும் அதே கம்பெனியிலதான் பேக்கிங் பாக்குறேன். பஸ் கெளம்புனா பின்னால எல்லாரும் தலைய சாச்சுருவாங்க. நான் மட்டும் வாயத் தொறக்கணும். கம்பெனி வாசல் வர்ற வரைக்கும் மூடக் கூடாது.

ஏன்னா நான் வாய மூடுனா இந்த மனுசன் கண்ண மூடுவாரு.

இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். குடிகாரரு இல்ல, பொறுப்பில்லாதவரும் இல்ல. காலையில எங்கள எறக்கி விட்டுட்டு கோப்பெங்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்துறது எறக்குறது, சாயங்காலம் மறுபடி எங்கள கூட்டிக்கிட்டு வர்றது, அப்புறம் ராத்திரி ஷிஃப்டுக்காரங்கள கொண்டு போறது. வீட்டுக்கு வந்து சோத்துல கைய வைக்கும்போதே அவருக்குக் கண்ணு சொக்கும். படுத்த சூடு ஆறுறதுக்குள்ள எந்திரிக்கணும். இந்த வயசுல இப்படி ஓடுனா யாருக்குத்தான் தூக்கம் வராது?

பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் கம்பார் தாண்டி அவரு தலை லேசா முன்னால சாஞ்சத பாத்தேன். அன்னையில இருந்து பேச ஆரம்பிச்சேன். பாசார்ல மீன் என்ன வெல வித்துச்சு, எவ வீட்டு மக எவனோட ஓடிப்போனா, சீரியல்ல மாமியாக்காரி என்ன பண்ணுனா, எல்லாம். பேச்சு தீந்து போனா லூமுட்ல இருக்குற என் தங்கச்சி பிரமிளா கதைய எடுத்துருவேன். அவ கதைக்கு முடிவே கிடையாது. அவரு பதிலுக்கு ‘ம்’னு ஒண்ணு சொல்லுவாரு. அவ்வளவுதான். அந்த ‘ம்’ கொஞ்சம் லேட்டா வந்தா நான் சத்தத்த கூட்டணும். நான் சொன்னதுல ஒரு வார்த்த அவரு காதுல ஏறியிருக்காதுன்னுதான் நெனைச்சேன். ஏறலைன்னா என்ன, முழிச்சிருந்தா சரி. ஆனா எனக்கும் அலுப்பு இருக்குல்ல? கம்பெனியில நாளெல்லாம் நின்ன காலோட நின்னு, வீட்டுல ஆக்கி அரிச்சு, மறுநாள் விடியக்காலம் தொண்டத் தண்ணி வத்தப் பேசணும்னா, சாமி, சில நாளு அழுகையா வரும்.

போன வருஷம் பழைய பஸ்ஸு ஒரேடியா படுத்துக்கிச்சு. எங்க பஸ் மொதலாளி தௌஃபிக் பாய், கம்பார்க்காரரு, ஈப்போவுல இருந்து இன்னொரு பஸ்ஸ வாங்கிட்டு வந்தாரு. புதுசு இல்லலா, அதுவும் கெழடுதான், பெயிண்டு மட்டும் புதுசு. முன்ன அது டூர் போற பஸ்ஸாம். டான்ஸ் கிளப்புல ஆடுற வயசான சீனவங்கள லூமுட்டுக்குக் கூட்டிப் போயி, பங்கோர் தீவுக்கு ஃபெர்ரி ஏத்தி விட்டு, திரும்ப கொண்டாந்து விடுமாம். சீட்டெல்லாம் மெத்துனு இருந்துச்சு. ஆனா ரேடியோவுக்குள்ள ஒரு சிடி சிக்கிக்கிட்டு இருந்துச்சு. எத அமுக்கினாலும் வெளிய வராது. ரேடியோவும் எடுக்காது. சாவியத் திருப்புனா போதும், பாட்டு தானா ஆரம்பிச்சுரும்.

மொத நாள் காலையில நடந்தத நெனைச்சா இப்பவும் எனக்கு சிரிப்பு வரும். இருட்டுல எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டு ஏறி உக்காந்திருக்காங்க. இவரு சாவியத் திருப்புறாரு. மொதல்ல ஒரு ட்ரம்மு மட்டும் தடதடன்னு ஓடுச்சு. என்னடா இதுன்னு நெனைக்கிறதுக்குள்ள அத்தன பேரும் ஒண்ணா சேந்து ஊதுனானுங்க பாருங்க, பஸ்ஸே தூக்கிப் போட்ட மாதிரி ஆயிருச்சு. மூணாவது வரிசையில உக்கார்ற பாப்பா அக்கா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. எங்க எல்லாருக்கும் மூத்தவங்க, கம்பெனியில கூட்டுற வேலை.

“ஏன் தம்பி, சீனவன் செத்த ஊட்டு பேண்டு மாதிரி காலங்காத்தால! எங்களையும் பொதைக்கவா கூட்டிக்கிட்டுப் போற?”

பின்னால இருந்து ஆளாளுக்குக் கத்துனாங்க. இவரு சத்தத்த கொறைச்சுப் பாத்தாரு, அது ஒண்ணு கத்தும் இல்லாட்டி மொத்தமா அடங்கும், நடுவுல நிக்காது. மத்தியானம் ப்ளையர எடுத்து பின்னால உள்ள ஸ்பீக்கர் வயரெல்லாம் கழட்டி விட்டுட்டாரு. தலைக்கு மேல இருந்த ஒண்ண மட்டும் விட்டு, அதுக்குள்ள பழந்துணிய அடைச்சு வச்சாரு. அதுக்கப்புறம் பாட்டு எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான். ஏன் அதையும் கழட்டலன்னு கேட்டேன். “இருக்கட்டும்”னாரு.

மறுநாள் நான் வழக்கம்போல பேச ஆரம்பிச்சேன். தாப்பா தாண்டினதும் திரும்பிப் பாக்குறேன், அவரு முதுகு நேரா நிக்குது. எத்தன வருஷமா கூன் போட்டு ஸ்டியரிங்க கட்டிக்கிட்டு ஓட்டுன மனுசன். கண்ணு ரோட்டுமேல பளிச்சுனு இருக்கு. நான் ஒரு நிமிசம் பேச்ச நிறுத்திப் பாத்தேன். தலை சாயல. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்தேன். சாயல. பாட்டுல ஒரு கூட்டம் ஊதி என்னமோ கேக்குது, இன்னொரு கூட்டம் எதுத்து ஊதிப் பதில் சொல்லுது, அடியில ஒருத்தன் டும் டும்னு நிக்காம நடந்துக்கிட்டே இருக்கான். பாடுறவன்னு யாரும் கெடையாது. அடுத்து என்ன வரும்னு தெரியல. தெரியாததால தூங்கவும் முடியல போல அந்த மனுசனுக்கு. நான் கம்பார் வரைக்கும் காவல் இருந்தேன். அதுக்கப்புறம் எனக்கு நெனப்பு இல்ல. கண்ணத் தொறந்தா கம்பெனி வாசல். அத்தன வருஷத்துல அந்த சீட்டுல நான் தூங்குனது அன்னைக்குத்தான். சந்தோசத்துல வேலைக்குப் போறப்ப படியில தடுக்கி விழப் பாத்தேன்.

அப்புறம் அவருக்கு அந்தப் பாட்டு பைத்தியம் பிடிச்சுக்கிச்சு. வீட்டுல நாலு வார்த்த பேசாத ஆளு, சோறு திங்கும்போது “அந்த ரெண்டாவது பாட்டுல ஒருத்தன் வாஆஆன்னு இழுக்குறான் பாரு, அது என்ன கருவின்னே தெரியலலா” அப்படிம்பாரு. ஒரு நாள் சாயங்காலம் கோப்பெங்ல ஒரு சீனப் பொணம் போச்சு. பின்னால வெள்ளச் சட்ட போட்ட பேண்டுக்காரனுங்க. ஒருத்தன் நீளக் குழல முன்னயும் பின்னயும் தள்ளி இழுத்து ஊதிக்கிட்டு வந்தான். இவரு பஸ்ஸ ஓரங்கட்டி, கண்ணாடிய எறக்கி, எட்டிப் பாத்தாரு. “அதான்! அதான் புள்ள வாஆஆ!”ன்னு என் தோளப் பிடிச்சு உலுக்குறாரு. பொணம் போற எடத்துல சிரிச்ச மூஞ்சியோட பாக்குறவரு பேராக்லயே இவரு ஒருத்தராத்தான் இருக்கணும். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

தாளம் போடறதுக்கும் ரொம்ப நாள் தடுமாறுனாரு. நம்ம ஆளுங்க மொத அடியிலதான தட்டுவோம். கோயில் மேளத்துக்கு அப்படித்தான் பழக்கம். இதுக்கு அப்படித் தட்டுனா ஒத்து வரல, பாட்டு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. ஒரு நாள் கோப்பெங் மேட்டுல ஏறும்போது அவரு வெரலு தானா சரியா விழுந்துச்சு. “நடுவுல தட்டணும் புள்ள. அடிக்கும் அடிக்கும் நடுவுல”ன்னாரு. எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த மூஞ்சியில அவ்வளவு வெளிச்சம் இல்ல. எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு. ஆனா தூக்கம் கெடைச்சுதே, யாரு கொடுத்தா என்ன.

தீபாவளி வந்துச்சு. வருசா வருசம் பஸ்ல வர்ற பொம்பளைங்க டிரைவருக்கு அங்பாவ் உறையில காசு போட்டுக் குடுப்பாங்க, அது பழக்கம். இந்த வருசம் குமுதாவுக்கு ஒரு யோசனை. குமுதா எங்க கம்பெனியில லைன் லீடர், எதையும் முன்ன நின்னு செய்ற பொண்ணு, நல்ல மனசு. “அண்ணே பாவம், அந்த ஒடஞ்ச ரேடியோவோட எத்தன மாசமா மல்லுக்கட்டுறாரு, நம்ம கத்துறோம்னு ஸ்பீக்கரையும் கழட்டிட்டாரு, நாள் பூராவும் அந்தச் சத்தத்த அவரு ஒருத்தரே கேட்டுக்கிட்டு இருக்காரு”ன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. எனக்குத் தெரியாம மறைச்சுட்டாங்க. சொல்லியிருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம் அவரு பஸ்ஸ வாஷ் பண்ண விட்டுட்டு சாப்பிடப் போன நேரம் பாத்து, ரேடியோக் கடைக்காரன அனுப்பி வச்சு புது ரேடியோவ மாட்டிட்டாங்க. சின்ன டிவி மாதிரி திரை வச்சது. பின் ஸ்பீக்கரெல்லாம் திரும்ப இழுத்துக் கட்டி, ஒரு பென் டிரைவ் நெறைய பாட்டு போட்டு வச்சிருந்தாங்க. பக்திப் பாட்டு, தாலாட்டு மாதிரி மெல்லமா போற பழைய காதல் பாட்டு. சாயங்காலம் அவரு சாவியத் திருப்புறாரு, ஒரு பொம்பள உருகி உருகிப் பாடுறா. பஸ்ஸு பூரா கை தட்டுறாங்க.

நான் அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். கடைவீதியில பிள்ளையத் தொலைச்சவன் மாதிரி திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

“எப்படிண்ணே? பிடிச்சிருக்கா?”ன்னு குமுதா கேக்குறா.

“நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. எதுக்கும்மா இவ்வளவு செலவு?”ன்னாரு.

நான் வாயத் தொறக்கப் போனேன். என்னய ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, அப்படியே அடங்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும், “ஆசையா செஞ்சிருக்காங்க புள்ள, வேணாம்னு எந்த வாயால சொல்றது?”ன்னாரு. பழச கடைக்காரன்கிட்ட கேட்டுப் பாத்துருக்காரு. அது அன்னைக்கே காயலாங் கடைக்குப் போயிருச்சாம். நான் சொன்னேன், பாட்டு எதுக்கு வேணும்னு அவங்ககிட்டச் சொல்லிட்டா போச்சு. அவரு என்னயப் பாத்து, “டிரைவருக்குத் தூக்கம் வருதுன்னு சொல்லச் சொல்றியா? பாய் மறுநாளே சாவிய வாங்கிக்குவாரு. அதுக்கப்புறம் எவன் எனக்கு பஸ்ஸக் குடுப்பான்?”னு கேட்டாரு.

அப்புறம் என்ன, பழைய குருடி கதவத் தொறடிங்குற மாதிரி நான் மறுபடி பேச ஆரம்பிச்சேன். ஆனா இப்ப எனக்குத் தூங்கிப் பழகிப் போச்சு. ஒடம்பு கேக்க மாட்டேங்குது. கம்பெனியிலயும் ஆர்டர் கூடிப் போயி ஓவர்டைம் ஓவர்டைம்னு உசுர வாங்குறானுங்க. பின்னால அந்தத் தாலாட்டுப் பாட்டு ஓடுது, எல்லாரும் நிம்மதியா குறட்ட விடுறாங்க. நான் மட்டும் கத்திக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் மெதுவா பேசுக்கா, பாட்டு கேக்கலன்னு ஒருத்தி சொன்னா. அவள என்ன பண்ணலாம்னு இருந்துச்சு.

ஒரு நாள் விடியக்காலம், மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. நான் பிரமிளா கதையில இருந்தேன். அவ புதுசா அடுப்படிக்கு அலமாரி செய்யச் சொல்லி, அந்த ஆளு அளவு தப்பா செஞ்சு கொண்டாந்து, வீட்டு வாசல்ல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. கம்பார் தாண்டிருச்சு. “அதுக்கு பிரமிளா அந்த அலமாரிக்காரன்கிட்ட என்ன சொன்னா தெரியுமா”ன்னு கேட்டேன். அதுதான் எனக்கு ஞாபகம் இருக்குற கடைசி வார்த்த.

அப்புறம் தடதடன்னு ஒரு ஆட்டம். கண்ணத் தொறந்தா முன் கண்ணாடி முழுக்க லாலான் புல்லு. பஸ்ஸு ரோட்ட விட்டு எறங்கி ஓரப் புல்லுமேல ஓடுது. அவரு “முருகா”ன்னு பிரேக்க மிதிச்சாரு. முன் சக்கரம் பெரிய காவாய்க்கு ரெண்டு அடி தள்ளி நின்னுச்சு. அந்தப் பக்கம் பாத்தேன். காவாயில மழைத்தண்ணி கரை தொட்டுப் போகுது. ரேடியோவுல அந்தப் பொம்பள மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி இன்னும் உருகிப் பாடிக்கிட்டு இருந்தா.

எல்லாரும் முழிச்சுட்டாங்க. பாப்பா அக்காவுக்கு நெத்தி முன் சீட்டுக் கம்பியில மோதி வீங்கிருச்சு. என்னண்ணே, என்ன ஆச்சுன்னு குமுதா ஓடி வந்தா. அவரு ரெண்டு கையும் ஸ்டியரிங்க விட மாட்டேங்குது.

“நாயி… நாயி குறுக்க வந்துருச்சும்மா.”

“நல்ல வேளண்ணே”ன்னா குமுதா. “நீங்களா இருக்கவும் தப்பிச்சோம். வேற எவனாச்சும் ஓட்டியிருந்தா இந்நேரம் காவாய்க்குள்ள கெடப்போம்.” பின்னால இருந்து ஒருத்தி கும்பிட்டா. பாப்பா அக்கா நெத்தியப் பிடிச்சுக்கிட்டே, “நீ நல்லா இருக்கணும் தம்பி”ன்னாங்க.

அதத்தான் என்னால தாங்க முடியல. திட்டியிருந்தா பேசாம இருந்திருப்பேன். அந்தக் கும்பிடப் பாத்ததும் எந்திரிச்சு நின்னேன்.

“நாயுமில்ல, ஒண்ணுமில்ல. தூங்கிட்டாரு. நானும் தூங்கிட்டேன். நான் பேசுனாத்தான் அவரு முழிச்சிருப்பாரு, பத்து வருஷமா பேசுறேன், இன்னைக்கு முடியல. அந்தப் பழைய பாட்டு அவர முழிக்க வச்சுச்சு. அதக் கழட்டிப் போட்டுட்டு எல்லாரும் தாலாட்டு கேக்குறீங்க.”

அவரு என்னயத் திரும்பிப் பாக்கல. முன் கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

குமுதாவுக்கு மூஞ்சி செவந்து போச்சு. “அப்ப இத்தன வருஷமா எங்க உசுரு உங்க வாயில தொங்கிக்கிட்டு இருந்துச்சாக்கா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

கேட்டது நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோவம் வந்துச்சு. ரெண்டு பேரு நாங்க நடந்தே போறோம்னு எறங்கிட்டாங்க. மத்தவங்க உக்காந்தாங்க. குமுதா மட்டும் உக்காரல. அவரு தலைக்குப் பக்கத்துல கம்பியப் பிடிச்சுக்கிட்டு கம்பெனி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா. அன்னைக்கு அவருக்குத் தூக்கம் எங்க வரப் போகுது.

சாயங்காலம் அவரே தௌஃபிக் பாய் வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் கூடப் போகல, கூப்பிடவும் இல்ல. பாய் நல்லா ஏசியிருக்காரு. “நாப்பது பொம்பளைங்க உசுரு மாயாண்டி, எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”ன்னு கேட்டுட்டு, கொஞ்ச நாளைக்கு சாவியக் குடுத்துட்டுப் போன்னுட்டாரு. இவரு சாவிய மேசைமேல வச்சுட்டு வந்துட்டாரு. வந்து படுத்தவருதான். எந்திரிச்சா சாப்பிடுவாரு, மறுபடி படுப்பாரு. காய்ச்சக்காரன் மாதிரி நாள் கணக்கா தூங்குனாரு. எங்கிட்ட ஒரு பேச்சு இல்ல. நான் அந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். இவ்வளவு தூக்கத்தையும் இந்த மனுசன் எங்க சேத்து வச்சிருந்தாருன்னு நெனைக்க நெனைக்க எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல.

அடுத்த வாரம் பாய் வீட்டுக்கே வந்தாரு. பள்ளிக்கூட ஓட்டமும் ராத்திரி ஓட்டமும் இனிமே வேற ஆளுக்கு. காலையும் சாயங்காலமும் மட்டும் இவருக்கு. சம்பளம் கொறையும், மத்தியானம் கட்டாயம் தூங்கணும், தூங்கலன்னா வண்டியத் தொடாதேன்னாரு. “உங்க பஸ்ல வர்ற பொம்பளைங்கதான் ஆள மாத்தாதீங்கன்னு எங்கிட்ட வந்து நின்னாங்க. அந்தக் குமுதா என்ன வாயி!”ன்னு சிரிச்சுட்டுப் போனாரு.

திரும்ப வேலைக்குப் போன மொத நாள் காலையில ரெண்டு பேரும் பேசாமத்தான் பஸ்ஸுக்கு நடந்து போனோம். எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு. அவரு சாவியத் திருப்பல. குமுதா எந்திரிச்சு முன்னால வந்தா. பின்னால ஷர்மினி, கையில ஃபோனோட. ஷர்மினி எங்க கம்பெனியில சரக்கு செக் பண்ற பொண்ணு.

“அண்ணே, அது என்ன பாட்டு?”ன்னு கேட்டா குமுதா. இன்னும் மூஞ்சியத் தூக்கித்தான் வச்சிருந்தா.

“தெரியலம்மா. சிடிய வெளிய எடுத்தாத்தான பேரு தெரியும்.”

“பாடிக் காட்டுங்க. இந்த ஃபோனு கேட்டே கண்டுபிடிச்சுருமாம்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கோயில்ல தேவாரம் பாடும்போதுகூட வாய மட்டும் அசைக்கிற ஆளு. அது பாட்டு இல்லம்மா, ஊதுறதுன்னாரு. ஊதுங்கன்னு சொல்லிட்டா குமுதா. ஷர்மினி ஃபோன அவரு வாய்கிட்ட நீட்டுறா. அவரு காது நுனி வரைக்கும் செவந்து, தொண்டையச் செருமி, “ப்பா… பப்பா… ப்பாம்…”னாரு. பின்னால ஒருத்தி சிரிச்சுட்டா. ஃபோனு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிருச்சு. மறுபடி ஊதுனாரு. மறுபடி தெரியல. அவரு விட்டுருங்கம்மான்னு திரும்பிக்கிட்டாரு.

அப்ப மூணாவது வரிசையில இருந்து ஒரு சத்தம். “டுடுடூ டூ-டூ, டுடுடூ டூ.” பாப்பா அக்கா. நெத்தியில வீக்கம் இன்னும் முழுசா வத்தல. இவரு ஊதுனது கேள்வின்னா, அதுக்கு எதுத்த கூட்டம் சொல்ற பதில் அது. அச்சு அசல்.

“நீங்க தூங்கலியாக்கா அப்பல்லாம்?”னு நான் கேட்டேன்.

“துணிய அடைச்சா சத்தம் நிக்குமா? காதுல விழுந்துக்கிட்டேதான இருந்துச்சு. ஊடு கூட்டும்போதுகூட அந்தக் கருமம்தான் வாயில வருது”ன்னாங்க. “நீ ஊது தம்பி, நான் பின்னால சொல்றேன்.”

ரெண்டு பேரும் சேந்து ஊதுனாங்க. அவரு கேக்க, அக்கா பதில் சொல்ல. இன்னொருத்தி அடியில நடக்குறவன் மாதிரி டும் டும்னு பிடிச்சுக்கிட்டா. நான் வாயத் தொறந்தபடி உக்காந்திருக்கேன். ஃபோனு சுத்திக்கிட்டே இருந்து, ஒரு பேரக் காட்டுச்சு. ஷர்மினி படிச்சா. “பிக் பேண்டாம்ணே. ஸ்விங்னு சொல்லுவாங்களாம். ரொம்ப பழசு. ஆடுறதுக்காக வாசிச்சதாம்.”

“ஆடுறதுக்கா?”ன்னாரு அவரு. அந்தக் கெழட்டு பஸ்ஸ ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்தாரு. “ஸ்விங்”னு மெதுவா சொல்லிப் பாத்துக்கிட்டாரு.

ஷர்மினி ஃபோன புது ரேடியோவோட சேத்து விட்டா. அதே பாட்டுதான், ஆனா ஊதுறவனுங்க வேற. நம்ம சிடியில ஓடுனவன் இவனவிட வேகம்னு அவரு மொணங்குனாரு. எல்லா ஸ்பீக்கர்லயும் வந்துச்சு. பஸ்ஸு கெளம்பிருச்சு. பின்னால கை தட்ட ஆரம்பிச்சாங்க, எல்லாரும் தப்பா. மொத அடியில. அவரு கண்ணாடியில பாத்து, “அங்க இல்லம்மா, நடுவுல, நடுவுல”ன்னு கத்துனாரு. தாப்பா டவுனு தாண்டியும் ஒருத்திக்கும் சரியா வரல. அப்புறம் அலுத்துப் போயி, ஒவ்வொருத்தியா அந்தச் சத்தத்துலயே தூங்க ஆரம்பிச்சாங்க. வேலைக்குப் போற ஒடம்பு, அதுக்கு எந்தப் பாட்டா இருந்தா என்ன.

நானும் சாஞ்சேன். எனக்கும் அவருக்கும் நடுவுல இன்னும் பேச்சு வரல. அது கெடக்கட்டும்னு நெனைச்சேன். கம்பார் தாண்டுச்சு. அந்த எடம் வந்துச்சு, புல்லுமேல டயர் தடம் இன்னும் அப்படியே இருக்கு. அவரு கைய நீட்டி சத்தத்தக் கொறைச்சாரு. ரோட்டப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

“உன் தங்கச்சி அந்த அலமாரிக்காரன்கிட்ட என்னதான் சொன்னா? பாதியில விட்டுட்டே.”

அத்தன வருஷமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. மீன் வெல, சீரியல் மாமியா, பிரமிளா, எல்லாத்தையும். கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஆனா அவருகிட்ட காட்டிக்கல.

“சாயங்காலம் வீட்டுல சொல்றேன்”னேன். “இப்ப என்னய தூங்க விடுங்க.”

“ம்”னாரு.

அந்த ‘ம்’ லேட்டா வரல. நான் கண்ண மூடிக்கிட்டேன்.